பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பு: புரிந்துகொண்டு பழுது பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், தரைக்குக் கீழுள்ள வாகன நிறுத்தத்துக்குக் காலையில் இறங்கும்போது பெட்ரோல் வாடை மூக்கில் ஏறினால், பெட்ரோல் எங்கோ சொட்டுகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். குனிந்து பார்த்தால் வண்டியின் அடியில் தரை உலர்ந்தே இருக்கும். சொட்டு இல்லாமல் வாடை மட்டும் வருமானால், டேங்கில் உண்டாகும் ஆவியைப் பிடித்து வைத்து எஞ்சினுக்கு அனுப்பும் அமைப்பில் எங்கோ கோளாறு இருக்க வாய்ப்புண்டு. கார் வைத்திருந்தும் இந்த அமைப்பைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகவும், சிவாஜிநகர், அல்சூர், கே.ஆர்.புரம் போன்ற பகுதிகளின் வொர்க்‌ஷாப்புகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நம் இளைஞர்களுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். இந்த அமைப்பில் உறுப்புகள் குறைவு. முறையாகச் சோதித்தால் பழுதைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. ஆயினும் சோதிக்காமல் உறுப்பை மாற்றி, வாடை போகாமல், இன்னொன்றையும் மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் பலர். எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதே இங்கு முதன்மையாகச் சொல்ல வேண்டியது.

ஆவி எங்கிருந்து வருகிறது

பெட்ரோல் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடும் திரவம் அது. வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் சூடேறும்போது உள்ளிருக்கும் ஆவி விரிந்து வெளியேறப் பார்க்கும்; இரவில் குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் இந்த ஏற்ற இறக்கம் நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையக் குறைய ஆவியாதல் எளிதாகும். சென்னையில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஏறி வருபவர்கள் இங்கே வந்து மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று ஒரு சிறு ஓசை கேட்கலாம்; அது கோளாறு அன்று. அமைப்பு சரியாக இருந்தால் ஏற்றத்தில் உண்டான அழுத்தத்தின் பெரும்பகுதி வழியிலேயே வடிந்துவிடும். ஓசை நீண்டு, பலமாக வந்தால் ஆவி வெளியேறும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இந்த ஆவியைக் காற்றில் விடக் கூடாது என்பதற்குத் தக்க காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தை 1950-களில் ஆராய்ந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். அதன் தொடர்ச்சியாகக் கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலும், அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதிலும் ஆவிக் கட்டுப்பாடு கட்டாயமாயிற்று. நம் பெட்ரோலில் கன அளவில் ஒரு சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உறுதிப்பட்ட உண்மை. காற்றோட்டம் குறைந்த தரைக்கீழ் நிறுத்தத்தில் குழந்தைகள் பள்ளிப் பேருந்துக்காக நடந்து போகும் வழியில் அந்த ஆவி தங்குவது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று.

வாகனங்கள் வெளியிடும் மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, மூடிய அறைக்குள் காரை நிறுத்திச் செய்யும் சோதனையில், வண்டியிலிருந்து கசியும் ஹைட்ரோகார்பன் 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் நாம் பங்க்குகளில் எடுக்கும் எமிஷன் சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அங்கே சைலன்சர் குழாயில் வரும் புகையை மட்டுமே அளக்கிறார்கள். டேங்கிலிருந்து ஆவி தாராளமாகக் கசியும் வண்டியும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

உறுப்புகளும் அவற்றின் வேலையும்

டேங்கின் மேற்பகுதியில் ஒரு சிறு வால்வ் இருக்கும். ஆவியை மட்டும் வெளியே விட்டு, வண்டி கவிழ்ந்தாலோ பெட்ரோல் அலம்பினாலோ திரவம் வெளியேறாமல் அது தடுக்கும். அங்கிருந்து கிளம்பும் ஆவிக்குழாய், கேனிஸ்டர் எனப்படும் கரிப்பெட்டிக்குச் செல்கிறது. அதனுள் நிறைந்திருப்பது கிளர்வூட்டப்பட்ட கரி (ஆக்டிவேட்டட் கார்பன்). கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கணக்கின்றி அமைந்த அந்தக் கரியில் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும். பெட்ரோல் ஆவியின் மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ள, தூய்மையான காற்று மட்டும் கேனிஸ்டரின் மறுபுறமுள்ள காற்றுத் துவாரம் வழியாக வெளியேறும்.

கரி எவ்வளவு காலம் வாங்கிக்கொண்டே இருக்க முடியும்? அதற்காகத்தான் கேனிஸ்டருக்கும் எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கும் இடையே பர்ஜ் வால்வ் என்ற மின்காந்த வால்வ் உள்ளது. எஞ்சின் சூடாகி, சீரான வேகத்தில் ஓடும்போது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அந்த வால்வை விட்டுவிட்டுத் திறக்கும். இன்டேக்கின் உறிஞ்சலால் வெளிக்காற்று காற்றுத் துவாரம் வழியே நுழைந்து, கரியில் ஒட்டியிருக்கும் ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள் சென்று எரிந்துவிடும். ஏரியை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். கேனிஸ்டர் ஏரி, பர்ஜ் வால்வ் மதகு, காற்றுத் துவாரம் கலிங்கு. மதகு வேளாவேளைக்குத் திறந்தால் ஏரியில் அடுத்த வரத்துக்கு இடம் இருக்கும். திறக்காவிட்டால் வருவதெல்லாம் கலிங்கு வழியே வெளியேறிவிடும்.

சில்க் போர்டு போன்ற சந்திப்பில் நெடுநேரம் ஊர்ந்து செல்லும்போது டேங்க் சூடேறுகிறது. ஆனால் ஐடிலிங்கில் பர்ஜ் வால்வ் மிகக் குறைவாகவே திறக்கிறது. எனவே கடும் நெரிசலுக்குப் பின் என்றோ ஒருநாள் இலேசாக வாடை வந்தால் உடனே வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. மறுநாள் திறந்த சாலையில் அரை மணி நேரம் ஓட்டிய பின்னும் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேற்கொண்டு சோதிக்கலாம்.

டர்போ பெட்ரோல் எஞ்சினில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. டர்போ காற்றை அழுத்தும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் இராது என்பதால், ஆவிக்கு இரண்டாவது ஒரு வழியும், காற்று திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வுகளும் இருக்கும். இவை பழுதானால் அழுத்தக் காற்று கேனிஸ்டர் பக்கமே திரும்பிவிடும்.

செக் எஞ்சின் லைட்டை மட்டும் நம்ப வேண்டாம்

இணையத்தில் காணும் அமெரிக்கக் காணொளிகள், டேங்க் மூடி தளர்ந்தாலே செக் எஞ்சின் லைட் எரியும் என்று சொல்கின்றன. அங்கே அரை மில்லிமீட்டர் அளவு துளையால் உண்டாகும் கசிவையும் கார் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. அதற்கெனவே காற்றுத் துவாரத்தை மூட ஒரு வால்வும், டேங்கின் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சாரும் அந்தக் கார்களில் இருக்கும். நம் விதிகளோ ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவை. அந்த முறையில் பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று கண்காணிப்பதே குறைந்தபட்சக் கட்டாயம். ஆகவே நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஹோஸ் முழுவதும் கழன்று கிடந்தாலும் லைட் எரியாமல் இருக்கலாம். மூக்கு, காது, கை ஆகிய மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்திருப்பது நமக்கு இன்றியமையாதது.

லைட் எரிந்தால் அது நல்வாய்ப்பே. ஈசியூவில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் சிறிய ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி, கைப்பேசியில் குறியீட்டைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பி0443, பி0444, பி0445 ஆகியவை பர்ஜ் வால்வின் மின்சுற்றைச் சார்ந்தவை. பி0441 என்பது ஆவியோட்டம் எதிர்பார்த்தபடி இல்லை என்பதையும், பி0496 என்பது மூடியிருக்க வேண்டிய வேளையிலும் ஆவி ஓடுகிறது என்பதையும் குறிக்கும். பி0442, பி0455, பி0456 ஆகிய கசிவுக் குறியீடுகளை, கசிவைச் சோதிக்கும் வசதியுள்ள கார்களில்தான் காண்பீர்கள். குறியீடு எதுவாக இருந்தாலும் அது சுட்டுவது ஒரு வட்டாரத்தையே. இந்த உறுப்புதான் பழுது என்று அது சொல்வதில்லை. குறிப்பெடுக்காமல் அழிக்கவும் வேண்டாம். அழித்துவிட்டால் பழுது நேர்ந்த நேரத்தின் எஞ்சின் வெப்பம், வேகம் ஆகிய விவரங்களும் சேர்ந்தே போய்விடும்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. எழும்பிக் கலைந்து போகாமல் அது தரையோடு பரவிப் பள்ளமான இடத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். ஆகவே இந்த வேலையைத் தரைக்கீழ் நிறுத்தத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, எஞ்சினும் சைலன்சரும் முழுவதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். டேங்கில் பாதிக்குக் குறைவாகப் பெட்ரோல் இருப்பது நல்லது. மூடியை ஒருமுறை மெல்லத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு மீண்டும் மூடுங்கள். பற்றவைத்த பீடி, சிகரெட், மஞ்சள் பல்பு போட்ட வொர்க்‌ஷாப் விளக்கு எதுவும் அருகில் வரக் கூடாது. எல்இடி கைவிளக்கு போதும். உலர் பொடித் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்க் அருகே ஒயர் இணைப்பைக் கழற்ற நேர்ந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் அணியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இருபுறமும் ஸ்டாண்ட் கொடுத்த பின்னரே படுக்க வேண்டும்.

மூடியும் ஹோஸும்

முதலில் டேங்க் மூடி. அதன் ரப்பர் வளையத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெடிப்போ, தட்டையாக நசுங்கிய தடமோ இருந்தால் மூடியை மாற்றுங்கள். வளையம் வந்து அமரும் குழாய் வாயைச் சுத்தமான துணியால் துடைத்து, அங்கே துருவோ பள்ளமோ உண்டா என்றும் பாருங்கள். 'கிளிக்' என்ற ஓசை வரும் வரை திருகாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடியை வாங்கும்போது உங்கள் வண்டிக்கு உரியதையே வாங்க வேண்டும். பல மூடிகளில் டேங்கினுள் வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் சிறு வால்வ் இருக்கும், வெறும் பொருத்தம் பார்த்து வாங்கும் மலிவு மூடியில் அது இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அடுத்து, ஆவிக்குழாய்களைத் தொடக்கம் முதல் இறுதி வரை கண்ணாலும் கையாலும் தொடருங்கள். வளைவுகளிலும் கிளிப் பிடிக்கும் இடங்களிலும்தான் ரப்பர் முதலில் வெடிக்கும். இலேசாக வளைத்துப் பார்த்தால் மேலோட்டமாகத் தெரியாத வெடிப்பும் வாய் திறக்கும். பெங்களூரு அடுக்குமாடிகளில் எலிக்கடி மிகச் சாதாரணம். எஞ்சின் அறையில் பர்ஜ் வால்வுக்குப் போகும் மெல்லிய ஹோஸையும் ஒயரையும் அது ஒரே இரவில் கடித்துப் போடும். எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் அதைச் சுற்றி ஓர் அடி தூரத்துக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பாருங்கள்.

வாடை எங்கே அதிகம் என்பதும் நல்ல தடயம். பின் இருக்கைக்கு அருகில் பலமாக இருந்தால் டேங்கின் மேலுள்ள பம்ப் மூடியின் ரப்பர் வளையத்தைச் சந்தேகிக்கலாம். பல கார்களில் பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கினாலே அந்த மூடி தெரியும். பின் சக்கரத்தின் அருகே வாடை வந்தால் பெட்ரோல் ஊற்றும் குழாயையோ அங்கே பொருத்திய கேனிஸ்டரையோ பாருங்கள். எஞ்சின் அறையில் வந்தால் முதலில் பெட்ரோல் செல்லும் அழுத்தக் குழாயைச் சோதிக்க வேண்டும். அங்கே ஈரக்கசிவு இருந்தால் அது வேறு பழுது. தீ விபத்தில் முடியக்கூடிய பழுது. வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

பர்ஜ் வால்வ்: அதிகம் ஏமாற்றும் உறுப்பு

இந்த அமைப்பில் அசைந்துகொண்டே இருக்கும் உறுப்பு இது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஆகவே பழுதும் இதில்தான் அதிகம். மூடியபடியே சிக்கிக்கொண்டால் எஞ்சினின் ஓட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கேனிஸ்டர் நிரம்பி வாடை மட்டும் வரும். திறந்தபடி சிக்கிக்கொண்டால்தான் தொல்லை. பங்க்கில் பெட்ரோல் நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்து, நீண்ட நேரம் சுற்றி, இருமிக்கொண்டு எழும். நிரப்பும்போது தள்ளப்பட்ட ஆவி முழுவதும் தடையின்றி இன்டேக்கில் நுழைந்துவிடுவதே இதற்குக் காரணம். மற்ற நேரங்களில் ஸ்டார்ட்டிங் நன்றாக இருந்து, நிரப்பியவுடன் மட்டும் இந்தத் தொல்லை வந்தால், வேறு எதையும் கழற்றுவதற்கு முன் பர்ஜ் வால்வைச் சோதியுங்கள்.

இதே பழுது வேறு வேடத்திலும் வரும். திறந்தே கிடக்கும் வால்வ் வழியே, கேனிஸ்டரில் ஆவி நிறைந்திருக்கும்போது எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள் போகும். அப்போது காற்று-பெட்ரோல் கலவை செறிவு என்று பி0172 வரலாம். கேனிஸ்டர் காலியாக இருக்கும்போது வெறும் காற்று மட்டும் போகும். அப்போது கலவை மெலிவு என்று பி0171 வரலாம். ஒரே பழுதுக்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு குறியீடுகள் மாறி மாறி வருவதைக் கண்டு, ஆக்சிஜன் சென்சாரை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று செலவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்தச் சென்சார் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். பர்ஜ் வால்வின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸையும் வால்விலிருந்து உருவி அதன் வாயை அடைத்துவையுங்கள். இப்போது வால்வின் திறந்த முனையில் விரலை வைத்தால் உறிஞ்சல் சிறிதும் இருக்கக் கூடாது. மின்சாரம் இல்லாத நிலையில் மூடியிருப்பதே அதன் இயல்பு. விரலில் உறிஞ்சல் தெரிந்தால் வால்வ் போய்விட்டது. மேற்கொண்டு சோதனை தேவையில்லை. ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டிருந்த வண்டி, விரலால் மூடியவுடன் சீரானால் அதுவே உறுதியான சான்று. உறிஞ்சல் இல்லையென்றால் எஞ்சினை அணைத்து, மின் இணைப்பை மாட்டி, மீண்டும் ஸ்டார்ட் செய்து, சூடாகும் வரை பொறுத்திருந்து, ஆக்சிலரேட்டரை 2,000, 2,500 சுற்று வரை ஏற்றிப் பாருங்கள். வால்வில் 'டிக் டிக்' என்ற அதிர்வும், விரலில் விட்டுவிட்டு இழுக்கும் உறிஞ்சலும் தெரிய வேண்டும். இணைப்பைக் கழற்றி ஓட்டியதால் ஈசியூவில் ஒரு மின்சுற்றுக் குறியீடு பதிவாகியிருக்கும். அது நீங்கள் உண்டாக்கியது என்பதை நினைவில் வைத்து இறுதியில் அழித்துவிடுங்கள்.

அதிர்வே இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இக்னிஷனை அணைத்து, வால்வின் இரு பின்களுக்கிடையே மின்தடையை அளந்தால் பெரும்பாலான கார்களில் 15 முதல் 40 ஓம் வரைக்குள் இருக்கும்; முடிவில்லாத் தடை காட்டினால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. மின்தடை சரியாக இருந்தால், இக்னிஷனைப் போட்டு, வண்டிப் பக்கத்து ஒயரின் ஒரு பின்னில் பேட்டரியின் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஃபியூஸையும் ஒயரையும் தேட வேண்டும். எலி கடித்தது பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும். வால்வுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க விரும்பினால் அதை வண்டியிலிருந்து கழற்றி, ஆவி இல்லாத இடத்துக்கு எடுத்துச் சென்று சில நொடிகள் மட்டும் கொடுங்கள். வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கம் வொர்க்‌ஷாப்புகளில் உண்டு. ஊதலாம், உறிஞ்சக் கூடாது. கை வெற்றிட பம்ப் இருந்தால் அதுவே சிறந்தது.

புதிய வால்வைப் பொருத்தும்போது அதன் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். பழைய வால்வைத் தட்டும்போது கருப்புத் தூள் கொட்டினால் புதியதைப் பொருத்தாமல் நிறுத்திவிடுங்கள். அது கேனிஸ்டரின் கரி. உள்ளே தடுப்பு உடைந்து கரி வெளிவரத் தொடங்கிவிட்டது. கேனிஸ்டரை மாற்றி, குழாய்களைக் காற்றால் சுத்தம் செய்த பின்னரே புதிய வால்வ் பொருத்த வேண்டும். இல்லையென்றால் அதே தூள் புதியதையும் அடைத்துவிடும்.

கேனிஸ்டரும் பங்க்கில் நாம் செய்யும் தவறும்

பெட்ரோல் ஊற்றும் நாசில் தானாக நின்ற பிறகும், கணக்கு வட்டமாக வரட்டும் என்று சொட்டுச் சொட்டாக மேலும் ஊற்றும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டேங்கின் ஒரு பகுதியை ஆவிக்காகவே காலியாக விட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். அந்த இடத்தையும் பெட்ரோலால் நிரப்பினால், ஆவி போக வேண்டிய குழாயில் திரவமே ஏறிக் கேனிஸ்டரை நனைத்துவிடும். ஆவியால் நிரம்பிய கரி ஒரு நல்ல ஓட்டத்தில் தெளிந்துவிடும்; திரவத்தில் ஊறிய கரி தேறுவது அரிது. ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத ஊழியராக இருந்தால் 'ஆட்டோ கட் ஆத்மேலே ஹாக்பேடி' என்று கன்னடத்தில் சொன்னால் போதும்.

கேனிஸ்டர் சில கார்களில் எஞ்சின் அறையிலும், சிலவற்றில் டேங்கின் அருகே அடிப்பகுதியிலும் இருக்கும். அதைக் கழற்றுவதற்கு முன் ஹோஸ்கள் இருந்த இடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பின் சாய்த்துப் பாருங்கள். திரவம் சொட்டினாலோ, அதே மாதிரியின் புதிய கேனிஸ்டரைவிடக் கனமாகத் தெரிந்தாலோ, உள்ளே கரி கலகலவென உருண்டாலோ மாற்ற வேண்டியதுதான். காற்றுத் துவாரத்தில் மெல்ல ஊதினால் தடையின்றிக் காற்று போக வேண்டும். குளவிக் கூடும் மழைக்காலச் சேறும் அந்தத் துவாரத்தை அடைத்துவிடுவதுண்டு. அடைபட்டால், பங்க்கில் நாசில் அடிக்கடி நின்று நின்று ஊற்றும். நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓட்டும்போது டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் மூச்சுத் திணறும். இவை இரண்டும் சேர்ந்து வந்தால் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவதற்கு முன் இந்தத் துவாரத்தைப் பாருங்கள். கேனிஸ்டரைத் தண்ணீரில் கழுவவும் கூடாது, வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைக்கவும் கூடாது.

கேனிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஹோஸில் ஒரு போல்ட்டைச் செருகிவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் கடுமையாக மறுக்கிறேன். டேங்கின் மூச்சு அடைபட்டால் அது உள்வாங்கி நசுங்கவும், பம்ப் கெடவும் கூடும். ஹோஸைத் திறந்து விட்டாலோ, தீப்பற்றும் ஆவி சூடான சைலன்சரின் அருகே நாள் முழுவதும் வெளியேறிக்கொண்டிருக்கும்.

பொருள் வாங்கும்போது

பெங்களூருவின் ஜே.சி. ரோட்டிலுள்ள உதிரிபாகக் கடைகளில் எல்லா உறுப்பும் கிடைக்கும். போலியும் சேர்ந்தே கிடைக்கும். பழைய உறுப்பில் பொறித்துள்ள பார்ட் நம்பரையும் வண்டியின் சேசிஸ் நம்பரையும் குறித்துக்கொண்டு போனால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே மாடல் காரில் ஆண்டுக்கு ஆண்டு வால்வின் பிளக் வடிவம் மாறியிருக்கலாம். ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குவதானால் எரிபொருளுக்கென்றே தயாரித்ததை, அதிலும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில்தான் அறிமுகமாயிற்று. அதற்கு முன் வடிவமைத்த வண்டிகளின் ரப்பர் பாகங்கள் எல்லாம் அதைத் தாங்குமென்று சொல்ல முடியாது. தண்ணீர் ஹோஸும் மீன்தொட்டிக் குழாயும் இந்த வேலைக்கு உதவா. மெல்லிய குழாய் பர்ஜ் வால்வின் உறிஞ்சலில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் பட்டால் ஊறி வழுக்கிக் கழன்றுவிடும்.

ஸ்கூட்டர், பைக் வைத்திருப்பவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த பிஎஸ்4 விதியோடு இருசக்கர வாகனங்களிலும் சிறு கேனிஸ்டர் வந்துவிட்டது. அதிகமாக ஊற்றுவதும் ஹோஸ் கழல்வதும்தான் அங்கே வழக்கமான பழுதுகள்.

எப்போது வொர்க்‌ஷாப்புக்குப் போவது

டேங்கை இறக்க வேண்டிய வேலையை வீட்டில் செய்யாதீர்கள். மேற்சொன்ன சோதனைகள் அனைத்திலும் தேறியும் வாடை தொடர்ந்தால் புகைச் சோதனை வசதியுள்ள வொர்க்‌ஷாப்பைத் தேடுங்கள். கருவியிலிருந்து வரும் வெண்புகையை ஆவிக்குழாயில் செலுத்தினால், கசியும் இடத்தில் அது இழையாக வெளிவரும். அவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அழுத்தம் எவ்வளவு வைப்பீர்கள் என்பது முதலாவது. அரை பிஎஸ்ஐ அளவே போதுமானது. டயருக்குக் காற்று பிடிக்கும் கம்ப்ரசரை நேரடியாக இணைப்பவரானால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், டேங்க் பிளந்துவிடும். புகையை எந்த வாயுவால் தள்ளுகிறீர்கள் என்பது இரண்டாவது. டேங்க்கில் பெட்ரோல் இருக்கும் நிலையில் நைட்ரஜனே பாதுகாப்பானது.

பழுது நீங்கிய பின் குறியீடுகளை அழித்து, வண்டியை நன்கு சூடாகும் வரை ஓட்டி, ஓபிடி கருவியில், ஈசியூ பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கலவையைச் சரிசெய்யும் அளவைக் காட்டும் நீண்டகால எரிபொருள் திருத்தம் எனப்படும் எண்ணைப் பாருங்கள். அது கூட்டல், கழித்தல் 10 சதவீதத்துக்குள் நின்றால் கலவை ஏறத்தாழச் சரியாகிவிட்டது என்று கொள்ளலாம். அடுத்த முறை பங்க்கில் ஆட்டோ கட் வரை நிரப்பி, அங்கேயே ஸ்டார்ட்டிங் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பின்னர் வண்டியை ஒரு பகல் முழுவதும் வெயிலில் நிறுத்தி, மாலையில் பின் சக்கரத்தின் அருகே குனிந்து பாருங்கள். அங்கும் வாடை இல்லையென்றால் வேலை முடிந்தது.